அமீருன்னிசாவின் கண்மட்டம்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை ஜமக்காளம் மடித்தது. கொடைக்கானல் பஜாரில் எங்கள் ஸ்வெட்டர் கடை. தரை முழுக்க விரிக்கும் அளவுக்கு அது பெரிய ஜமக்காளம். காலையில் விரிப்போம், சாயங்காலம் உதறி மடிப்போம். ஒரு பக்கம் அம்மா, எதிர்ப்பக்கம் நான். அம்மாவின் தலை என் இடுப்புக்குச் சற்று மேலே வரும். அதனால் நான் முழங்காலிட்டுத்தான் பிடிக்க வேண்டும். நின்றபடி பிடித்தால் துணி ஒரு பக்கமாகச் சரிந்து மடிப்பு கோணிக்கொள்ளும்.

அன்றைக்கு நல்ல மழை. தரை ஜில்லென்று இருந்ததால் முழங்காலிடாமல் குனிந்து பிடித்தேன். மடிப்பு கோணிக்கொண்டது.

"முட்டி தேஞ்சா போயிரும்?" என்றாள் அம்மா.

பிரித்து மறுபடி மடித்தோம். ஷட்டரை இறக்கினோம். வீட்டுக்கு நடந்தோம்.

மறுநாள் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. அந்த வாரத்திலேயே மூச்சு வாங்கத் தொடங்கியது. அப்பாவை நான் அத்தா என்பேன்; அவருடைய லோடு வண்டியிலேயே மலையிறக்கித் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நிமோனியா என்றார்கள். அம்மாவை உயிரோடு மலையேற்ற முடியவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் பலரும் அம்மாவைப் பற்றி ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். பாவம் என்றார்கள். பாவம், அந்த உடம்பை வைத்துக்கொண்டு எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்றார்கள். அது தவறான தகவல். தவறைக் கண்டுபிடித்துத் திருத்துவது என் தொழில். அதனால் எழுதுகிறேன்.

அம்மா பெயர் அமீருன்னிசா. பிறந்தது மலையடிவாரத்து அய்யம்பாளையத்தில். கை கால் எலும்புகள் நீளாத உடல்வாகு. தலையும் உடம்பும் எல்லோரையும் போலத்தான், கையும் காலும் மட்டும் குட்டை. உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் அம்மாவுக்கும் வித்தியாசம் தெரியாது. எழுந்து நின்றால்தான் தெரியும்.

அத்தா இப்ராம்சா, பூம்பாறைப் பக்கத்துக் கேரட்டையும் பீன்ஸையும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போகிறவர். நல்ல உயரம். பெண் கேட்டு அவரேதான் போனார். பெண் வீட்டார் அவரைச் சந்தேகப்பட்டார்கள். இவ்வளவு வாட்டசாட்டமான ஆள் இந்தப் பெண்ணைக் கேட்கிறான் என்றால் ஏதோ மறைக்கிறான் என்று ஊர் முழுக்க விசாரித்தார்கள். அம்மா உள்ளேயிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டனுப்பினாள். வண்டி சொந்த வண்டியா, வாடகையா? சொந்த வண்டி என்று பதில் வந்தது. சரி என்றாள்.

கடை வைத்தது அம்மாவின் யோசனை. குளிருக்குத் தயாராக வராத டூரிஸ்ட் இருக்கும்வரை ஸ்வெட்டர் கடைக்குச் சாவு இல்லை என்பாள். ஆரம்பத்தில் எல்லாக் கடையிலும் இருப்பதுபோல ஒரு மரக் கவுண்டர் இருந்தது. அதற்குப் பின்னால் தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு ஏறி நிற்பாள். வருகிறவர்கள், "பெரியவங்க யாரும் இல்லையாம்மா?" என்பார்கள். விலையை அம்மாவிடம் கேட்டுவிட்டு, பதிலைப் பக்கத்துக் கடைக்காரர் முகத்தில் தேடுவார்கள்.

ஒருநாள் தச்சர் பொன்னுவேலை வரவழைத்தாள். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அவர் டேப்பை இழுத்தார்.

"கொறைக்க வேணாம்ண்ணே. தூக்கிருங்க," என்றாள்.

அந்தப் பலகை வாசலுக்குச் செருப்பு ஸ்டாண்டு ஆனது. தரையில் ஜமக்காளம் வந்தது. பழைய ஜவுளிக் கடைகளில் அப்படித்தான் வியாபாரம். வாங்குகிறவர் உட்காருவார். விற்கிறவர் எதிரில் உட்கார்ந்து துணியை எடுத்துப் போடுவார். ஆனால் கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் ஷூவும் அவசரமுமாக வருகிறவர்கள். பஜாரே சிரித்தது. எதிர்க்கடைக்காரர் வந்து பந்தி எத்தனை மணிக்கு, பிரியாணியா நெய்ச்சோறா என்று விசாரித்தார். முதலில் செருப்பைக் கழற்றுங்கள், அப்புறம் சொல்கிறேன் என்றாள் அம்மா. கட்டடத்துக்காரர் வந்து, பார்க்க நன்றாக இல்லை, கண்ணாடிக் கவுண்டர் போடு என்றார்.

"நின்னுக்கிட்டுக் குடுத்தாலும் ஒக்காந்து குடுத்தாலும் வாடக அதே வாடகதானங்க," என்றாள்.

அவர் திரும்ப வரவில்லை. உட்கார்ந்த டூரிஸ்ட் வெரசாக எழுந்திருக்க மாட்டான் என்பதை அம்மா அந்தச் சீசனிலேயே கண்டுகொண்டாள். ஷூவைக் கழற்றிய சிரமத்துக்காகவாவது ஒரு குரங்குக் குல்லா வாங்கிவிடுவான். கழற்ற மாட்டேன் என்றவர்களை அம்மா கெஞ்சியதில்லை. அடுத்த கடையைக் கை காட்டிவிடுவாள்.

போட்டோ விஷயத்திலும் ஒரு சட்டம் வைத்திருந்தாள். காலேஜ் பையன்கள் அம்மாவோடு செல்ஃபி எடுக்க ஆசைப்படுவார்கள். எடுக்கலாம். ஆனால் அவர்களும் உட்கார வேண்டும். மேலேயிருந்து எடுத்தால் விட மாட்டாள். "ஃபோன எறக்கு. என் மொகத்துக்கு நேரா வையி. நான் என்ன கெணத்துக்குள்ளயா கெடக்கேன்?" என்பாள். மேலேயிருந்து எடுத்த படத்தில் யாராக இருந்தாலும் குழந்தை மாதிரிதான் தெரிவார்கள். கேமரா எங்கே இருக்கிறது என்பது பாதி விஷயம். இதை நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு வேறு வார்த்தைகளில் படித்தேன்.

என் வேலை வீடியோ கேம் செய்வது. கோயம்புத்தூரில் சின்ன கம்பெனி. அதை நடத்துகிறவர் குருநாதன். எல்லோரும் குரு என்போம். நாங்கள் செய்வது, விளையாடுகிறவர் ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து அதுவாகவே வாழ்கிற வகை கேம். மலை நாடு, சந்தை, கோட்டை, சண்டை, வியாபாரம் எல்லாம் உண்டு. பாத்திரத்தின் உடம்பு திரையில் தெரியாது. அதன் கண்தான் கேமரா. அந்தக் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், திரும்பும்போது எப்படி அசைய வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு. மாதத்தில் சில நாள் கோயம்புத்தூர். மீதி நாள் எங்கள் கடையின் பின்கட்டிலிருந்து வேலை.

கேமில் மூன்று உடம்புகள் வைத்திருந்தோம். நெட்டை, நடுத்தரம், குள்ளம். நான் சேர்வதற்கு முன்பே முடிவானது அது. மூன்றாவது உடம்பை யாரும் தனியாகச் செய்யவில்லை. நெட்டையை எடுத்து ஒரு எண்ணால் பெருக்கிச் சுருக்கியிருந்தார்கள். தலை, உடம்பு, கை, கால் எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கியிருந்தன. ஆனால் கண்ணை மட்டும் இறக்கவில்லை. மூன்று உடம்புக்கும் கேமரா ஒரே உயரம்தான். சந்தையில் எல்லாக் கடைக்கும் கவுண்டர் உண்டு. கண்ணை இறக்கினால் கவுண்டர் பலகைதான் தெரியும், கடைக்காரன் தெரிய மாட்டான். அதனால் அப்படியே விட்டிருந்தார்கள். பல கம்பெனிகள் செய்வதுதான்.

வெளியாட்களை விளையாட வைத்துக் கருத்துக் கேட்பது வழக்கம். கேம் பழக்கமில்லாதவர்களும் வேண்டும் என்று குரு சொன்னார். அம்மா பெயரைக் கொடுத்தேன். மழைக்காலத்தில் பஜாருக்கு யாரும் வருவதில்லை. ஸ்வெட்டர் அட்டைப்பெட்டியின் மேல் லேப்டாப்பை வைத்து, ஜமக்காளத்தில் உட்கார்ந்து விளையாடத் தொடங்கினாள்.

எடுத்தவுடன் நெட்டையைத்தான் தேர்ந்தெடுத்தாள். ஏன் என்று கேட்டேன்.

"குட்டையா இருந்து பாத்தாச்சுல்ல? இதையும் பாப்பமே."

கொஞ்ச நாள் நெட்டையாகத் திரிந்தாள். எல்லா அலமாரியின் மேலேயும் எட்டிப் பார்த்தாள். அவசியமில்லாமல் ஆட்களை வெட்டினாள். பிறகு சலித்துவிட்டது. மேலே பூராவும் ஒட்டடைதான் இருக்கிறது, இதற்காகவா எல்லாரும் இப்படி அலட்டிக்கொள்கிறார்கள் என்றாள். குள்ளத்துக்கு மாறினாள்.

மாறிய சிறிது நேரத்தில் பின்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஏ அஸ்ஃபியா, இங்க வா. இந்தக் கடக்காரன் ஏன் என் வயித்தப் பாத்துப் பேசுறான்?"

போய்ப் பார்த்தேன். உண்மைதான். கேமில் எதிரே நிற்கிறவன், விளையாடுகிறவரின் தலை இருக்கும் இடத்தைப் பார்க்கும்படி எழுதியிருந்தோம். குள்ள உடம்பின் தலை கீழே இருந்தது. கேமரா மேலே இருந்தது. அவன் தலையைத்தான் பார்த்தான். விளையாடுகிறவருக்கு மட்டும் அவன் குனிந்து வேறெதையோ பார்ப்பதுபோலத் தெரிந்தது.

"நெசத்துல எல்லாரும் என் தலைக்கு மேல பாத்துப் பேசுவாங்க. ஒங்க ஆளு கீழ பாத்துப் பேசுறான். நேரா பாக்குறதுக்கு ஒருத்தனுக்கும் வராதா?"

கேமராவை உண்மையான கண்மட்டத்துக்கு இறக்கினேன். பார்வை சரியாகிவிட்டது. ஆனால் எதிர்பார்த்த கோளாறு வந்தது. சந்தையில் எங்கே போனாலும் பலகை. பலகைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் கேட்டது. விளையாடிப் பார்த்த மற்ற டெஸ்டர்கள் மூச்சு முட்டுகிறது என்று எழுதினார்கள். குரு எல்லோரும் இருந்த வீடியோ கூட்டத்தில் முடிவைச் சொன்னார். பழைய உயரத்துக்குப் போக முடியாது, பார்வை தப்பாக இருக்கிறது. புதிய உயரமும் சரிப்படவில்லை. முதல் வெளியீட்டுக்குள் வழி கிடைக்காவிட்டால் குள்ள உடம்பையே எடுத்துவிடலாம். இரண்டு உடம்பு போதும்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு அது வழக்காகிவிட்டது. முன்பு பொழுதுபோக்காக விளையாடியவள், இப்போது எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி விளையாடினாள். குறைகளாகச் சொல்லிக்கொண்டே இருப்பாள். பாதிக்கு மேல் உபயோகமற்றவை. மூடுபனி இடமிருந்து வலமாக வரக் கூடாது என்பாள். சந்தையில் குரங்கே இல்லாத மலை எந்த ஊர் மலை என்பாள். தான் தோற்ற சண்டையெல்லாம் செல்லாது என்பாள். ஆனால் ஒன்றில் மட்டும் பின்வாங்கவே இல்லை. குள்ளம் இருக்க வேண்டும், தன் கண்ணோடு இருக்க வேண்டும்.

கடைக்காரனைக் கவுண்டருக்கு வெளியே வரச் சொல் என்றாள். ஒவ்வொரு கடைக்காரனும் தன் இடத்தில் ஆணியடித்ததுபோல நிற்கிறான், நடக்க வைக்க எல்லா அசைவுகளையும் புதிதாகச் செய்ய வேண்டும், ஆள் இல்லை என்றேன். அப்படியென்றால் உட்காரச் சொல் என்றாள்.

உட்காரும் அசைவு எங்களிடம் இருந்தது. சத்திரத்துக் காட்சிக்காகச் செய்தது. கவுண்டருக்கு முன்னால் ஒரு விரிப்பைப் போட்டு, கடைக்காரனையும் விளையாடுகிறவரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பார்த்தேன். குள்ளத்தின் கண் கடைக்காரனின் நெஞ்சுக்கு நேராக நின்றது. ஒரே எண்ணால் பெருக்கிச் சுருக்கிய உடம்பு அல்லவா? கை காலோடு நடு உடம்பும் பாதியாகியிருந்தது.

அம்மா திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினாள்.

"இது எங்க போச்சு?"

அந்த எண்ணை எடுத்தேன். உடம்பையும் தலையையும் நெட்டையின் அளவிலேயே வைத்து, கை கால் எலும்புகளை மட்டும் சுருக்கினேன். நடை மாறியது, வாள் வீச்சு மாறியது, ஒவ்வொன்றையும் திருத்த வேண்டியிருந்தது. இடுப்பு எப்படி அசையும், படி எப்படி ஏறும் என்று அம்மாவைக் கடைக்கும் வாசலுக்குமாக நடக்க வைத்து வீடியோ எடுத்தேன். ஜமக்காளத்தில் முழங்காலிட்டு, அவள் முகத்துக்கு நேராக. மழையில் ஒதுங்கிய ஒரு குடும்பம் இதைப் பார்த்துவிட்டு சினிமா ஷூட்டிங்கா என்று கேட்டது. ஆமாம், கதாநாயகி நான்தான், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாருங்கள் என்று சொல்லி அம்மா இரண்டு சால்வை விற்றாள்.

திருத்திய பிறகு மறுபடி உட்கார வைத்தேன். கண்ணுக்கு நேரே கண் வந்தது. கடைக்காரன் முதல்முறையாக அம்மாவைப் பார்த்து விலை சொன்னான்.

"ம். இப்பப் பேசுடா," என்றாள் அவனிடம்.

குருவிடம் அம்மா வீடியோவில் பேசுவாள். வாராவாரம் டெஸ்டர்களோடு அவர் பேசுவது உண்டு. அட்டைப்பெட்டி மேல் லேப்டாப், எதிரே முக்காட்டோடு அம்மா, பின்னால் தொங்கும் ஸ்வெட்டர்கள். அவர் பார்த்தது அவ்வளவுதான். என் அம்மா, ஸ்வெட்டர் கடை வைத்திருப்பவர், வாய் அதிகம். இதற்கு மேல் அவருக்குத் தெரியாது. அவர் கொடைக்கானலுக்கு வந்ததில்லை. நானும் ஆபீசில் வீட்டைப் பற்றிப் பேசுகிறவள் இல்லை.

அவரிடம் சொல்லிவிடவா என்று அம்மாவைக் கேட்டேன். சொன்னால் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

"வாயத் தொறக்கக் கூடாது. பாவம்னு குடுக்குறத, பாவம்னு தோணாத அன்னைக்குத் திரும்ப எடுத்துக்கிருவாய்ங்க. நான் ஒக்காந்தே ஜெயிக்கிறேன்."

கடைசியாக அவர்கள் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்தது. சண்டை கேமில் ஆட்கள் சும்மா உட்கார்ந்து பேரம் பேசுவதை யார் பொறுமையாகப் பார்ப்பார்கள் என்றார் குரு. நின்றுகொண்டே வாங்குகிறவனுக்கு விலையை ஏற்றிவிடு, தானாக உட்காருவான் என்றாள் அம்மா. அது ஏமாற்று என்றார். வியாபாரம் என்றாள்.

"ஏம்மா, அந்தக் குள்ளனுக்காக நீங்க ஏன் இவ்வளவு சண்டை புடிக்கறீங்க? நெட்டையை எடுத்துக்குங்க, நல்லா வெளையாடுறீங்க," என்றார்.

"நெட்டையா ஆடிப் பாத்துட்டேன் தம்பி. போரடிக்குது."

யோசிக்கிறேன் என்று சொல்லி அவர் போனார். யோசித்து முடிப்பதற்குள் அம்மா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து குரு வந்தார். கோயம்புத்தூரிலிருந்து பழனி வழியாகத் தானே கார் ஓட்டி வந்தார். பெருமாள்மலையில் மூடுபனி இறங்கி, டீக்கடையில் வெகு நேரம் நின்றுவிட்டு வந்ததாகச் சொன்னார். அத்தாவிடம் பேசினார். பிறகு, வீடியோவில் அம்மாவுக்குப் பின்னால் தெரிந்த அந்தக் கடையைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். கூட்டிப்போய் ஷட்டரைத் தூக்கினேன்.

செருப்பு ஸ்டாண்டைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றினார். உள்ளே போனவர் நடுவில் நின்றுவிட்டார். ஸ்வெட்டர் தொங்கும் கம்பி அவர் இடுப்பு உயரத்தில் இருந்தது. லைட் சுவிட்ச் அதற்கும் கீழே. போட்டுப் பார்க்கிற கண்ணாடியில் அவருக்குக் கழுத்து வரைதான் தெரிந்தது. குனிந்து தன் முகத்தைப் பார்த்தார்.

"இது குழந்தைங்க கடையா?"

"இல்ல. அம்மாவோட உயரம் இது."

கண்ணாடிக்கு முன்னால் அப்படியே குனிந்த வாக்கில் இருந்தார். சுவரோரம் அம்மாவின் செருப்பு இருந்தது. அதைப் பார்த்தார். கடைசியாகத் தான் கேட்ட கேள்வி அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் சிவந்துவிட்டது.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னாங்க."

அவர் ஜமக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார். தீர்மானமாகப் பேசினார். குள்ள உடம்பு இருக்கும். நான் கேட்டபடியே இருக்கும். அதோடு சந்தையின் நடுவில் அம்மாவுக்கு ஒரு சிலை வைக்கலாம், கீழே பெயர் போடலாம், கேம் தொடங்கும்போது அவர் நினைவாக என்று ஒரு வரியும் வரும். குரு மனசாரத்தான் சொன்னார். நல்ல மனிதர். சரி என்று சொல்லியிருந்தால் எல்லோருக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

வேண்டாம் என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. சிலை வேண்டாம், வரி வேண்டாம், நீங்கள் இப்போது எடுத்த முடிவும் வேண்டாம் என்றேன். நீங்கள் அந்த உடம்பை இன்னும் விளையாடிப் பார்க்கவே இல்லை. திருத்தி உங்களுக்கு அனுப்பிய கேம் திறக்காமல் அப்படியே கிடக்கிறது. விளையாடுங்கள். பிடிக்காவிட்டால் எடுத்துவிடுங்கள். அம்மா கேட்டது அதுதான்.

"அஸ்ஃபியா, இந்த நேரத்துல..."

"இந்த நேரத்துலதான்."

அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டு, லேப்டாப்பை வைத்தேன். அம்மா உட்காரும் இடத்தில் அவர் உட்கார்ந்தார். நான் பின்கட்டுக்குப் போய் டீ போட்டேன். அழவும் செய்தேன். வெளியே மறுபடி மழை பிடித்துக்கொண்டது.

திரும்பி வந்தபோது அவர் டீயைக் கவனிக்கவில்லை. குள்ளமாகச் சந்தைக்குள் நடந்துகொண்டிருந்தார். கூட்டத்தில் இடுப்புகளுக்கும் முழங்கைகளுக்கும் நடுவே வழி பிடித்துப் போனார். குதிரையின் வயிற்றுக்குக் கீழே ஒரு திருடனின் கால்களைப் பார்த்துவிட்டார். நெட்டைக்கு அது தெரியவே தெரியாது. ஏணியில் ஏறினால் என்ன ஆகும் என்று கேட்டார். மெதுவாக ஏறும், ஆனால் ஏறும் என்றேன். சண்டையில் தோற்றார். மறுபடி போனார், மறுபடி தோற்றார், முழங்காலைக் குறிவைக்கக் கற்றுக்கொண்டு மூன்றாம் முறை ஜெயித்தார்.

பிறகு ஒரு கம்பளிக் கடைக்குப் போனார். பலகை பார்வையை மறைத்தது. விரிப்பின் மேல் போய் உட்காரும் பட்டனை அழுத்தினார். கடைக்காரன் சுற்றி வரவில்லை, நடக்கவில்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம், தயாராக இருந்த இன்னொரு விரிப்பில் உட்கார்ந்தான். நிற்கிறவனை மறைத்த அதே நொடியில் உட்கார்ந்தவனைக் காட்டும் குறுக்கு வழி ஒன்று செய்திருந்தேன். கண்ணுக்கு நேரே கண். விலை சொன்னான். குரு குறைத்துக் கேட்டார். அவன் இறங்கி வந்தான்.

குரு கேமை நிறுத்தி, நெட்டைக்கு மாற்றி, அதே கடைக்குப் போய் நின்றார். அவன் நிமிர்ந்து பார்த்து விலையை ஏற்றிச் சொன்னான்.

"ஏனுங்க, இது அநியாயமுங்க. நின்னா ஏமாத்தறானே," என்றார்.

"உக்காந்து கேளுங்க."

நெட்டையை உட்கார வைத்தார். விலை இறங்கியது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீட்டுக்கு வந்தவர் சிரிக்கக் கூடாது என்று அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கும் முடியவில்லை.

அதன் பிறகு அவர் வழக்கமான குருவாகிவிட்டார். உட்காரும் அசைவு மெதுவாக இருக்கிறது, பாதியாக வெட்டு என்றார். குள்ளத்தின் ஓட்டத்தில் கால் தரையில் வழுக்குகிறது என்றார். மெனுவில் இருக்கும் அந்தப் பெயர் வேண்டாம், மூன்றுக்குமே ஊர்ப் பெயர் வைக்கலாம் என்றார். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, மூன்று உடம்பும் இருக்கும் என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். என்ன பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது.

"உங்க அம்மாவுக்காக இல்ல. நல்லா இருக்கு, அதனால. போதுமா?"

"போதும்."

ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். கால் மரத்துப்போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, ஷூவைப் போட்டார். இருட்டுவதற்குள் மலையிறங்க வேண்டும் என்று கிளம்பினார். பஜார் முனையில் அவர் கார் திரும்புகிறவரை வாசலில் நின்றேன். எதிர்க்கடைக்காரர் யார் அது என்று கேட்டார். அம்மாவிடம் வழக்குத் தோற்றவர் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தப் பட்டியலில் அவரும் உண்டு.

கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அத்தா வாசலில் வண்டியின் தார்ப்பாயைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா போனதிலிருந்து அவர் லோடு ஏற்றவில்லை. தினமும் வண்டியைக் கழுவுவது மட்டும் நடந்தது.

குரு ஒத்துக்கொண்டார் என்று சொன்னேன்.

அத்தா குழாயை மூடினார். தோள் துண்டில் கையைத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"நெசமாவா? அவளப் பாத்துப் பரிதாபப்பட்டு இல்லையே?"

"இல்லத்தா. கேம் நல்லா இருக்குன்னு."

"அப்படின்னா ஒங்கம்மா எங்கிட்ட ஒரு சோலி வச்சிருந்தா. அந்தத் தம்பி சரின்னு சொன்ன மறுநாளு, லோடு எதுவும் ஏத்தாம, அவள மட்டும் ஏத்திக்கிட்டு வெள்ளனே கோயமுத்தூரு போகணும்னா. அங்க போயி என்ன செய்யப் போறன்னு கேட்டேன்."

தார்ப்பாயின் ஒரு மூலையை எடுத்து உதறினார். மற்ற மூலையை நான் பிடிக்கவில்லை. அவர் சொல்லட்டும் என்று நின்றேன்.

"ஒண்ணும் செய்ய வேணாமாம். அவரு ஆபீசுக்குள்ள போயி, அவருக்கு முன்னால எந்திரிச்சு நிக்கணுமாம். அவ்வளவுதானாம்."